பெஞ்சில் சுனில் சேத்ரி, களத்தில் காரைக்குடி பையன்! கோச் செய்தது சரியா? கால்பந்து ரசிகர்களின் தீராத சண்டை

காரைக்குடி:

டீக்கடையில் கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் சண்டை நடக்கும் என்று நினைத்தால் அது தப்பு. கால்பந்து பிடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். ''வளர்ற பையனை இறக்கி விடணுமா, பேரு வாங்கின சீனியரை நம்பணுமா?'' என்பதுதான் அந்த கேள்வி.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இது வெளியூர் கதை இல்லை. காரைக்குடியை அடுத்த கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், இந்தியாவின் மிகப்பெரிய கோல் மன்னன் சுனில் சேத்ரியின் இடத்தில் இறங்கி ஆடியபோது இந்த சண்டை உச்சத்துக்குப் போனது. அதை முடிவு செய்தவர் பெங்களூரு எப்.சி. அணியின் அப்போதைய பயிற்சியாளர், இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் கிரேசன்.

அவர் செய்தது சரியா? கோச்சுகள் ஏன் இளம் வீரர்களை இறக்க பயப்படுகிறார்கள்? ரசிகர்கள் எதைப் பார்த்து கோச்சை எடை போட வேண்டும்? விவரம் வருமாறு:-

கண்டனூரில் இருந்து கொல்கத்தா வரை

2001-ம் ஆண்டு பிறந்த சிவசக்தி ஒரு ஸ்ட்ரைக்கர். அதாவது கோல் போடுவதுதான் அவரது முக்கிய வேலை. இந்திய அணியின் முன்னாள் வீரர் ராமன் விஜயனிடம் பயிற்சி பெற்று, பிறகு பெங்களூரு எப்.சி. அணிக்குப் போனார்.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந்தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டியூரண்டு கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. மும்பை சிட்டி அணிக்கு எதிராக பெங்களூருவின் முதல் கோலை அடித்தது சிவசக்திதான். 2-1 என்று ஜெயித்து கோப்பையை வாங்கியது பெங்களூரு. அப்போது சிவசக்திக்கு வயது 21. ''யாருப்பா இந்த பையன்?'' என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்த ஐ.எஸ்.எல். போட்டியில் பெங்களூருவுக்கு ஆரம்பம் சரியாக அமையவில்லை. தோல்வி மேல் தோல்வி. பட்டியலில் கீழே கிடந்தது. ரசிகர்கள் கோச்சை வறுத்தெடுத்தார்கள்.

2023 ஜனவரியில் நிலைமை தலைகீழானது. சிவசக்தியையும் பிஜி நாட்டைச் சேர்ந்த ராய் கிருஷ்ணாவையும் முன்னால் நிறுத்தினார் கிரேசன். 38 வயதான சேத்ரி பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்தார். லீக்கின் கடைசி 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து 4-வது இடத்துக்கு ஏறியது பெங்களூரு.

சீனியரை தூக்கி எறியவில்லை

பல ரசிகர்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. கிரேசன் சேத்ரியை ஓரங்கட்டவில்லை. அவரது வேலையை மாற்றினார். எதிரணி களைத்துப் போன நேரத்தில் அனுபவசாலியை இறக்குவது என்பது அவரது கணக்கு.

அந்தக் கணக்கு பலித்தது. 2023 மார்ச் 3-ந்தேதி கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில் பெஞ்சில் இருந்து வந்த சேத்ரி, கூடுதல் நேரத்தில் பிரீ கிக்கை சட்டென்று அடித்து கோலாக்கினார். நாங்கள் தயாராகும் முன்பே அடித்துவிட்டார் என்று கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியதால் பெரும் பரபரப்பு ஏற்பட்டது. நாலு நாள் கழித்து மும்பைக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் மாற்று ஆட்டக்காரராக வந்து ஒரே கோலை அடித்து ஜெயிக்க வைத்தார் சேத்ரி.

மார்ச் 18-ந்தேதி கோவாவில் இறுதிப்போட்டி. ஏ.டி.கே. மோகன் பகானுக்கு எதிராக சிவசக்தி முதல் லெவனில் இறங்கினார். ஆனால் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. அவருக்கு பதிலாக வந்தவர் சேத்ரி. பெனால்டியில் கோலும் அடித்தார். ஆட்டம் 2-2 என முடிந்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-3 என்று கோப்பை கை நழுவிப் போனது.

அந்த பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருது சிவசக்திக்கு கிடைத்தது.

இரண்டு தரப்பும் சொல்வது என்ன?

பையனை இறக்க வேண்டும் என்பவர்களின் வாதம் இது: ''இறக்கி விட்டாத்தானே தெரியும்? பெஞ்சிலேயே உட்கார வெச்சா பையன் எப்படி கத்துப்பான்? சீனியர் இன்னும் எத்தனை வருஷம் ஆடுவாரு?''

எதிர் தரப்பு விடுவதில்லை: ''தோத்தா நீயா பதில் சொல்லுவே? பையன் ஒரு தப்பு பண்ணினா மொத்த ஸ்டேடியமும் திட்டும். அதுல மனசு உடைஞ்சு போயிடுவான். பக்குவமா கொண்டு வரணும்.''

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சண்டை தீராததற்கு அதுவே காரணம்.

கோச்சுகள் பயப்படுவது ஏன்?

முதல் காரணம், வேலை. இளம் வீரர் தேறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். கோச்சுக்கு அவ்வளவு நாள் யாரும் தருவதில்லை. இதற்கு கிரேசனே சாட்சி. 2023 மார்ச்சில் அணியை இறுதிப்போட்டி வரை கொண்டு போனவர், அதே வருஷம் டிசம்பரில் சொந்த மைதானத்தில் மும்பையிடம் 0-4 என்று தோற்றதும் நீக்கப்பட்டார். ஒன்பதே மாதம்தான் இடைவெளி. பையனுக்கு தண்ணீர் ஊற்றுவது ஒரு கோச், பழம் பறிப்பது இன்னொரு கோச் என்ற நிலைமை இருக்கும்போது, பலரும் தெரிந்த முகத்தையே நம்புகிறார்கள்.

இரண்டாவது காரணம், ஆட்டங்களின் எண்ணிக்கை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு அணிக்கு 38 ஆட்டம். 2022-23 ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 20 ஆட்டம்தான். நாலு ஆட்டத்தை பையன்களை வைத்து 'டெஸ்ட்' பண்ணிப் பார்த்தால் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

மூன்றாவது காரணம், வெளிநாட்டு வீரர்கள். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரு அணி ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டுக்காரர்களை களத்தில் இறக்கலாம். 2017-18-ல் அது 5 ஆனது. 2021-22-ல் 4 ஆக குறைந்தது. கோல் அடிக்கும் இடத்துக்குத்தான் கிளப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டில் ஆள் பிடிக்கின்றன. நம்ம ஊர் பையன் தடுப்பு ஆட்டக்காரனாக இருந்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்ட்ரைக்கராக இருந்தால் வரிசை நீளம்.

இந்திய அணிக்கே சிக்கல்

இதன் விளைவு கிளப்போடு நிற்பதில்லை. 2024 ஜூன் மாதம் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சர்வதேச போட்டிகளில் இருந்து சேத்ரி ஓய்வு பெற்றார். ஆனால் அவர் இடத்தில் நின்று கோல் போட ஆள் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் அப்போதைய இந்திய பயிற்சியாளர் மனோலோ மார்க்கஸ் அவரை திரும்ப அழைத்தார். 40 வயதில் வந்து மாலத்தீவுக்கு எதிராக கோல் அடித்தார் சேத்ரி.

அது அவருக்கு பெருமை. 140 கோடி பேர் இருக்கும் நாட்டுக்கு அது பெருமையா என்று ரசிகர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

அதேநேரத்தில் சேத்ரியை குறை சொல்லவும் முடியாது. 2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தில் 14 கோல் அடித்தார். அந்த பருவத்தில் இந்திய வீரர்களில் அதிக கோல் அவருடையதுதான். 2024 டிசம்பரில் கேரளாவுக்கு எதிராக 'ஹாட்ரிக்' வேறு. இப்படி ஆடுபவரை எந்த கோச் வெளியே உட்கார வைப்பார்?

அதே பருவத்தில் அதே பெங்களூரு அணியில், அடுத்த கோச் ஜெரார்டு ஜரகோசா 19 வயது வினித் வெங்கடேசை முதல் ஆட்டத்திலேயே இறக்கினார். ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தது வினித்தான். 40 வயதும் 19 வயதும் ஒரே அணியில் ஆட முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

அளவுக்கு மீறினால்?

''இறக்கி விடு, இறக்கி விடு'' என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்பெயின் வீரர் பெட்ரி, 18 வயதில் 2020-21 பருவத்தில் பார்சிலோனாவுக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய கோப்பை முடிந்ததும் ஓய்வு இல்லாமல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனார். அடுத்த பருவத்தில் தொடையில் காயம், மீண்டும் காயம் என்று பல மாதம் வெளியே இருந்தார்.

வளரும் உடம்பு மெஷின் இல்லை. பையனை பெஞ்சில் வைத்திருப்பது எல்லாமே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் அது பாதுகாப்பு.

ரசிகர்கள் பார்க்க வேண்டிய 5 விஷயம்

ஒரு கோச் இளம் வீரரை வளர்க்கிறாரா, வீணடிக்கிறாரா என்பதை ஒரே ஒரு ஆட்டத்தின் லெவனைப் பார்த்து சொல்ல முடியாது. கீழ்க்கண்டவற்றை கவனித்தால் உண்மை ஓரளவு தெரிந்துவிடும்.

1. நிமிடக் கணக்கு. எத்தனை ஆட்டம் என்று எண்ணக்கூடாது. எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். 15 ஆட்டத்தில் கடைசி 5 நிமிடம் இறக்கி விட்டால் மொத்தமே 75 நிமிடம். ஒரு முழு ஆட்டம்கூட இல்லை.

2. சொந்த இடம். ஸ்ட்ரைக்கரை ஓரத்தில் ஓட விட்டு, ''கோல் அடிக்கலையே'' என்று சொல்வது நியாயம் ஆகாது. தனக்குப் பழகிய இடத்தில் ஆடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

3. தப்புக்கு அடுத்த ஆட்டம். இதுதான் முக்கியம். ஒரு தப்பு பண்ணிய பையனை அடுத்த ஆட்டத்திலும் இறக்குகிற கோச் வளர்க்கிறார். உடனே மூன்று வாரம் காணாமல் போக வைக்கிற கோச் பயமுறுத்துகிறார். பயந்த பையன் பந்தை முன்னால் கொண்டு போக மாட்டான், பின்னால் தள்ளிவிட்டு நிம்மதி தேடுவான்.

4. பக்கத்தில் யார்? சிவசக்திக்கு பக்கத்தில் ராய் கிருஷ்ணா, பெஞ்சில் சேத்ரி என்று இரண்டு அனுபவசாலிகள் இருந்தார்கள். மொத்த பாரமும் அவர் தலையில் விழவில்லை. தோற்கிற அணியில், 0-2 என்று இருக்கும்போது பையனை இறக்கிவிட்டு ''காப்பாத்து'' என்பது வாய்ப்பு ஆகாது.

5. ஆடாத நாளில் என்ன? பெரிய அணியில் இடம் இல்லையா, வேறு கிளப்புக்கு லோனில் அனுப்பலாம், அல்லது இளையோர் லீக்கில் ஆட வைக்கலாம். 2022-ல் தொடங்கிய ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மெண்ட் லீக் இதற்காக வந்ததுதான். முதல் வருஷம் அதை ஜெயித்ததும் பெங்களூரு எப்.சி.தான். ஆட்டமே இல்லாமல் வெறும் பயிற்சியோடு ஒரு வருஷத்தை ஓட்டுவதுதான் பெரிய நஷ்டம்.

பையனின் காலக்கெடு

கோச் போனால் வேறு ஊரில் வேலை கிடைக்கும். கிளப் தோற்றால் அடுத்த வருஷம் ஜெயிக்கலாம். ரசிகருக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. ஆனால் கால்பந்து வீரருக்கு 19-ல் இருந்து 24 வயது வரையிலான காலம் ஒரு முறைதான் வரும். அதில் ஆடினால்தான் அடுத்த ஒப்பந்தம், சம்பளம், வீட்டுக்கு ஒரு வழி. ஆடாமல் போனால், படிப்பையும் விட்டுவிட்டு பந்தின் பின்னால் ஓடியவருக்கு கையில் எதுவும் மிஞ்சாது. வியாசர்பாடி ஆனாலும் கண்டனூர் ஆனாலும் கதை இதுதான்.

எனவே சீனியரா ஜூனியரா என்று ஒரு பக்கமாக நின்று கத்துவதில் பலன் இல்லை. கிரேசன் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது என்று மட்டும் மாற்றினார். 8 ஆட்டம் ஜெயித்தார், இறுதிப்போட்டிக்கும் போனார், ஒரு தமிழ்நாட்டு இளைஞருக்கு விருதும் கிடைத்தது.

அடுத்த தடவை வளரும் வீரர் ஒருவர் கோல் வாய்ப்பை கோட்டை விட்டதும், ''வெளியே எடு'' என்று ஸ்டேடியத்தில் முதலில் கத்துவது பெரும்பாலும் ரசிகர்கள்தான். அந்த சத்தம் கோச்சின் காதிலும் விழுகிறது. பையனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதும் கிடைக்காததும் அதிலும் ஓரளவு இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.