கிள்ளான் கரைக்கு வானத்தில் ஒரு காவல்

பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆறு, போர்ட் கிள்ளான் அருகே கடலில் கலக்கிறது. அங்கிருந்து கெத்தாம் தீவுக்குப் படகில் போயிருக்கிறீர்களா? வழியெங்கும் அலையாத்திக் காடு பச்சைச் சுவராக நிற்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு காடு மிச்சம் என்பது படகிலிருந்து தெரியாது, வானத்திலிருந்து தெரியும்.

லேண்ட்சாட் துணைக்கோளங்கள் 1972 முதல் பூமியைப் படமெடுக்கின்றன. 2008 முதல் அப்படங்கள் எல்லாருக்கும் இலவசம். பசுமையான இலைகள், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஈரச் சேறு அப்படிச் செய்யாது. இதை வைத்தே காட்டின் எல்லையை வரைகிறார்கள். மேகம் மறைத்தால் ரேடார் துணைக்கோளம் கைகொடுக்கும்.

ஆனால், கலங்கிய நீருக்கடியில் கடற்புல் இருக்கிறதா என்பதைத் துணைக்கோளம் காணாது. அதற்கு ஆய்வாளர்கள்தான் நீரில் இறங்க வேண்டும்.

இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அலையாத்தி வேர்களுக்கிடையில்தான். காடு சுருங்கினால் அது நம் மீன் சந்தையையும் தொடும். இன்றிரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து, கூகுள் எர்த்தில் 1984 முதலான படங்களை ஓடவிடுங்கள். முன்பு லுமுட் தீவு எனப்பட்ட இண்டா தீவில், காடு இருந்த கரையில் துறைமுகம் எழுவதைக் காண்பீர்கள்.