‘இன்று நான், நாளை நீ’: மரணத்தைப் பாடிய கவிதை வாழ்வுக்குக் கற்பிக்கும் பாடம்

கொச்சி: கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கு வழிபட்டு வந்தவர்களில் பெரும்பாலோர், இஸ்ரேல் நாடு 1948இல் உருவான பின்னர் அங்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களுடைய முன்னோர், மட்டாஞ்சேரியில் உள்ள யூதர் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர். எவரும் எங்கும் நிலையாகத் தங்குவதில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லும் இடம் இது.

மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால் உள்ள எர்ணாகுளத்தில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு மலையாளக் கவிஞர், இந்த நிலையாமையைத் தமது கவிதையொன்றின் மையமாக்கினார். அவர் மகாகவி ஜி. சங்கர குருப்பு. அந்தக் கவிதையின் பெயர் ‘இன்னு ஞான், நாளெ நீ’. ‘இன்று நான், நாளை நீ’ என்பது இதன் பொருள்.

எங்கிருந்து வந்தது இத்தொடர்?

ஐரோப்பியக் கல்லறைகளில் லத்தீன் மொழியில் நெடுங்காலமாகப் பொறிக்கப்பட்டு வந்த வாசகம் இது. கேரளக் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் சவ வண்டிகளிலும் இதனை மலையாளத்தில் காணலாம். இறந்தவர், இருப்பவரைப் பார்த்துப் பேசுவதாக அமைந்த வாசகம்.

சங்கர குருப்பின் கவிதையில், ஓர் ஏழையின் சவப்பெட்டி சாலையோரமாகக் கொண்டு செல்லப்படுகிறது. பறை முழக்கம் இல்லை. மலர் மாரி இல்லை. ஒரு குழந்தையின் கண்ணீர் மட்டுமே உடன் செல்கிறது. பெட்டியின் மீதிருந்த அந்த எழுத்துகள், அதனைக் கண்டவரின் நினைவில் அழியாமல் பதிந்துவிடுகின்றன.

அச்சமா, கடமையா?

மரணத்தைப் பற்றிய எண்ணம் மனிதரைச் சோர்வடையச் செய்யும் என்பது பொதுவான கருத்து. எனினும் இத்தொடரில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இணையாக ‘நீ’ என்ற சொல்லும் நிற்பது கவனத்திற்குரியது. மரணம் தனி ஒருவரின் துயரமாக இல்லாமல், அனைவருக்கும் பொதுவானதாகிறது. அவ்வாறு உணரும்போது, துணையின்றிச் செல்லும் அந்த ஏழையின் இறுதிப் பயணம் பார்ப்பவரின் பொறுப்பாகவும் மாறுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இக்கருத்து புதிதன்று. திருக்குறளின் 34ஆவது அதிகாரமான ‘நிலையாமை’, நாக்கு அடங்கி விக்கல் எழுவதற்கு முன்பே நற்செயலை விரைந்து செய்ய வேண்டும் என வலியுறுத்துகிறது. இறப்பு உறுதி என்பது அங்குச் செயலைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கான காரணமாகவே கூறப்படுகிறது.

கவிஞரின் வாழ்விலும் இதன் சாயலைக் காணலாம். 1901ஆம் ஆண்டு பிறந்த சங்கர குருப்பு, ‘ஓடக்குழல்’ கவிதைத் தொகுப்புக்காக, 1965ஆம் ஆண்டுக்கான முதல் ஞானபீட விருதைப் பெற்றார். பரிசுத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, பிற எழுத்தாளர்களைச் சிறப்பிக்கும் ‘ஓடக்குழல் விருதை’ நிறுவினார். அவர் 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி காலமானார். அவருக்குப் பின்னரும் அந்த விருது தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது.

இறுதிவரை துணை

மரணத்தை எதிர்கொள்வோரைத் தனியே விடக் கூடாது என்ற எண்ணம், கேரளத்தில் ஒரு மக்கள் இயக்கமாகவும் வளர்ந்துள்ளது. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை அமைப்பு இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. 2008ஆம் ஆண்டு, கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. குணப்படுத்த இயலாத நோயுற்றோரின் வீடுகளுக்குச் செவிலியர்களும் தன்னார்வலர்களும் நேரில் செல்கின்றனர். வலியைத் தணிப்பதுடன், புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறுவது, தேவைப்படும் வீட்டுக்கு உணவுப் பொருள் சேர்ப்பது ஆகியவையும் அவர்களின் பணிகளாகும்.

இந்த இயக்கம் அக்கவிதையிலிருந்து பிறந்தது அன்று. ஆயினும் இரண்டும் முன்வைக்கும் கேள்வி ஒன்றே: நாளை நமக்கும் வரவிருப்பது இன்று அண்டை வீட்டாருக்கு வரும்போது, நாம் எங்கே நிற்கிறோம்? பெரும் சாதனைகளுக்குக் காத்திராமல், படுக்கையில் இருக்கும் ஒருவரை இன்றே சென்று பார்ப்பதும் அதற்கான விடைகளுள் ஒன்றாகும்.