கறிக்கோழி: 500 வளர்க்கலாமா, 5,000 வளர்க்கலாமா?

எத்தனை கோழி வளர்த்தால் கட்டுபடியாகும் என்பதே புதிதாகக் கறிக்கோழி வளர்க்க எண்ணும் விவசாயிகளின் முதல் கேள்வி. தீவனம் யாருடையது, வளர்ந்த கோழியை யார் வாங்குவார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. கீழே உள்ள விலைகள் கணக்கிடும் முறைக்காக மட்டுமே. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

சொந்தப் பொறுப்பில் 500 குஞ்சுகள் விடுவதாகக் கொள்வோம். குஞ்சு ஒன்று ரூ.40 வீதம் ரூ.20,000. நூற்றுக்கு 5 இறந்தால் மீதி 475 கோழிகள். தலா 2 கிலோ எடை வந்தால் 950 கிலோ. ஒரு கிலோ எடை கூட 1.7 கிலோ தீவனம் தேவை எனில், மொத்தம் 1,615 கிலோ தீவனம்; கிலோ ரூ.42 வீதம் ரூ.67,830. மருந்து, ஆழ்கூளம், மின்சாரத்துக்கு ரூ.4,000. ஆக ரூ.91,830, அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ ரூ.97 அடக்கம். வியாபாரி ரூ.90-க்குக் கேட்டால் ரூ.6,330 நஷ்டம். உள்ளூரில் சில்லறையாக ரூ.120-க்கு விற்றால் ரூ.22,170 மிஞ்சும். ஆகவே சில்லறை விற்பனைக்கு வழியில்லாதவர்கள் 500 கோழியில் இறங்காமலிருப்பதே நல்லது. தீவனத் தட்டைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. கோழிகள் சிதறுவதால் 1.7 கிலோ என்பது 1.8 ஆனால், இந்தக் கணக்கிலேயே ரூ.3,990 வீண்.

பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமாகத் தாய்க்கோழிப் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை எல்லாம் உண்டு. மக்காச்சோளத்தை அறுவடைக் காலத்தில் லாரி லாரியாக வாங்கி இருப்பு வைக்க அவர்களால் முடியும். மூட்டைக் கணக்கில் தீவனம் வாங்குபவர் அந்த விலையை எட்ட முடியாது. பல்லடம் பகுதியில் 1990-களில் ஒப்பந்த முறை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. சந்தை விலை சரிந்தால் அந்த நஷ்டம் நேரடியாக விவசாயிமேல் விழாது.

அப்படியானால் 5,000 கோழிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால் கவலையில்லையா? கோழிக்கு ஒரு சதுர அடி வீதம் 5,000 சதுர அடிக் கொட்டகைக்கு ரூ.10 இலட்சம் என்று கொண்டால், 10 சத வட்டி ரூ.1 இலட்சம். 15 ஆண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு ரூ.67,000. ஆக ரூ.1,67,000. ஒரு பேட்ச்சில் 9,500 கிலோ கோழிக்குக் கிலோவுக்கு ரூ.6.50 வளர்ப்புக் கூலி கிடைத்தால் ரூ.61,750, கைச்செலவு ரூ.25,000 போக ரூ.36,750. ஆண்டுக்கு 6 பேட்ச் என்றால் ரூ.2,20,500; வட்டி, தேய்மானம் கழித்து ரூ.53,500 நிற்கும். 4 பேட்ச்தான் கிடைத்தது என்றால் ரூ.1,47,000, கையிலிருந்து ரூ.20,000 போகும்! இதில் வீட்டாரின் உழைப்புக்குக் கூலியே சேர்க்கவில்லை. எருவிற்ற பணம் தனி வரவு.

கொட்டகை காலியாகக் கிடக்கும் நாளுக்கும் வட்டி உண்டு. ஒரு பேட்ச் முடிந்ததும் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் ஆறப்போடுவது நோய்த் தடுப்புக்கு அவசியம். அதற்கு மேல் காத்திருப்பதுதான் நஷ்டம். புரட்டாசி போன்ற மந்த காலங்களில் குஞ்சு விடுவது தள்ளிப்போகக்கூடும். எடை குறைந்தாலும், இறப்பு கூடினாலும் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள், அடுத்த குஞ்சு எத்தனை நாளில் வரும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கடன் வாங்கிக் கொட்டகை போடும் முன், அதே நிறுவனத்துக்கு வளர்க்கும் அண்டை விவசாயியிடம் சென்று, ஓராண்டில் குஞ்சு இறக்கிய தேதிகளையும் கோழி பிடித்த தேதிகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.