ஒரே சஹன்

இணைய உலாவிக்காகப் பிறந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். 2009இல் ரயன் டால் வெளியிட்ட ‘நோட்’ என்ற மென்பொருள்தான் அதைச் சேவையகத்தில் பரவலாக்கியது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கொழும்பிலுள்ள டபிள்யூ.எஸ்.ஓ.டூ நிறுவனம் சேவையகத்துக்கென ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பைச் செய்து ‘ஜாகரி’ என்று பெயர் வைத்தது. வட்டிலப்பத்துக்குப் போடும் அதே கருப்பட்டிதான்! இங்கே நான் விளக்கப்போவது நோட் பற்றி.

பெரிய நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மொடியூல். தேவையான இடத்தில் ‘ரிக்வயர்’ என்று அழைத்தால் நோட் அதைத் தேடும். தன்னுடைய சொந்த மொடியூலா, பாதை காட்டப்பட்ட கோப்பா என்று முதலில் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் ‘நோட் மொடியூல்ஸ்’ கோப்புறையில் தேடும். அங்கும் இல்லாவிட்டால் ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடும். உச்சிவரை போயும் கிடைக்காவிட்டால்தான் பிழைச்செய்தி.

கிடைத்த கோப்பை ஒருமுறை இயக்கி, அது வெளியே தருவதை ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற பொருளாக, கோப்பின் முழுப் பாதையின் பெயரில் பதுக்கி வைக்கும். இதுதான் கேஷ். பிறகு நூறு கோப்புகள் அழைத்தாலும் மொடியூல் மறுபடி இயங்காது. கோப்பைத் திருத்திவிட்டுச் சேவையகத்தை மீள ஆரம்பிக்காவிட்டால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

நூறு பேருக்கும் கிடைப்பது நூறு பிரதிகள் அல்ல. புதுக்கடைக் கல்யாண வீட்டுச் சஹனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பீங்கான் இல்லை. ஒருவர் அச்சாறைக் கொட்டினால் எல்லோருக்கும் அச்சாறுதான்.

ஒரு பரீட்சைப் பெறுபேற்றுத் தளம் இருக்கிறதென்று வைப்போம். வருபவரின் சுட்டெண்ணை மொடியூலின் மேலேயுள்ள மாறியொன்றில் எழுதியிருக்கிறார்கள். ஆமினா தன் எண்ணைக் கொடுக்கிறாள். தரவுத்தளம் பதில் சொல்வதற்குள் ஸைனப் தன் எண்ணைக் கொடுக்கிறாள். மாறி ஒன்றே ஒன்று. ஆமினாவின் திரையில் ஸைனபின் பெறுபேறு வந்துவிடலாம். எழுதியவர் தனியாக இருந்து சோதித்தபோது எல்லாம் சரியாகவே வேலை செய்திருக்கும். அதனால்தான் இது பொல்லாத பிழை.

ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர் கோரிக்கையைக் கவனிக்கும் தொழிற்பாட்டுக்குள் வைக்க வேண்டும். தரவுத்தள இணைப்பு போன்றவை மொடியூலில் இருக்கலாம். ஒருமுறை திறந்து எல்லோரும் பாவிப்பது அங்கே இலாபமே.

உயர்தரத்தில் பைத்தன் படிக்கும் தோழியருக்கு ஒரு வேலை. ஒரு வரியை அச்சிடும் கோப்பொன்றை எழுதி, வேறொரு நிரலில் இரண்டு தடவை ‘இம்போர்ட்’ செய்து பாருங்கள். ஒரு தடவைதான் அச்சாகும்.