வலி விட்ட பிறகும் வலிக்கிறதா?

“ஏம்மா, வலி விட்டப்புறமும் தையல் பக்கம் வலிக்குதா?”

பிரசவ அறையில் சிஸ்டர் கேட்கும் இந்தக் கேள்வி சும்மா விசாரிப்பது போலத்தான் இருக்கும். முதல் குழந்தையை சிசேரியனில் பெற்று, இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற முயலும் பெண்ணிடம் கேட்கும்போது அதன் கனமே வேறு. பிரசவ வலி வரும், விடும், மறுபடி வரும். விட்ட நேரத்திலும் அடிவயிற்றில் ஓரிடம் மட்டும் சுருக்கென்று பிடித்துக்கொண்டே இருந்தால், கருப்பையின் பழைய தழும்பு உள்ளே பிரியத் தொடங்கியிருக்கலாம்.

“ஒரு தடவை ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தான்” என்று காரைக்குடியில் அப்பத்தா முதல் ஆட்டோக்காரர் வரை சொல்வார்கள். இந்த வாக்கு மருத்துவர்களிடமிருந்து வந்ததுதான். 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் இதைச் சொன்னபோது, முதல் ஆபரேஷனை அநாவசியமாகச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதே அவர் நோக்கம். அப்போது கருப்பையை நெடுக்காக வெட்டினார்கள். இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அந்தத் தழும்பு பிரசவ வலியைத் தாங்கக்கூடியது. குறுக்குத் தழும்போடு முயல்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கு நேர்ந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மறுபடி கத்தி வைப்பதும் ஆபத்தில்லாத வழியல்ல. ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது.

நெடுக்கு வெட்டு இருந்தவர்கள் முயலவே கூடாது. வயிற்றுத் தோலில் தெரியும் கோட்டை வைத்து இதைச் சொல்லவும் முடியாது. மேலே குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாள் நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிக்கும் வழக்கம் இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்கே வெளிச்சம். ஆக, இரண்டாம் பேறுகாலத்துக்கு வரும் பலர் தழும்போடுதான் வருகிறார்கள்.

‘சுகப்பிரசவத்துக்கு டாக்டர் சரி சொல்லிட்டாரா?’ என்பதோடு வீட்டார் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும்: ராத்திரி இரண்டு மணிக்கு என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? டாக்டர் வருவார், போவார். மணிக்கணக்கில் கட்டிலருகே நிற்பவர் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கும், வலி இறுகுவதும் தளர்வதும் அந்தக் கைக்குத் தெரியும். காது பிள்ளையின் இதயத்துடிப்பில் இருக்கும். நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையில் ஓட வேண்டிய துடிப்பு இறங்கி, ஏறாமல் நிற்பதுதான் தழும்பு பிரிவதற்குப் பெரும்பாலும் முதல் அடையாளம். பிறகு மூத்திரப் பையில் சிவப்பு, தாயின் நாடி வேகமாக ஓடுவது, கீழே இறங்கிய தலை மேலே ஏறிக்கொள்வது, ஓடிக்கொண்டிருந்த வலி திடீரென நின்றுபோவது. வலி நின்றதும் ‘அப்பாடா’ என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். நர்ஸ் அப்போதுதான் டாக்டரைக் கூப்பிட ஓடுவார்.

இவ்வளவையும் ஒரே நர்ஸ் மூன்று கட்டிலுக்குப் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட தாய்க்குத் தனி ஆள் வேண்டும், துடிப்பை இடைவிடாமல் பதியும் இயந்திரம் வேண்டும், கையில் ஊசிக்குழாய் போட்டு ரத்தம் பொருத்திப் பார்த்து வைத்திருக்க வேண்டும். டாக்டரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன் என்று நர்ஸ் எழுதி வைக்கும் ஒரு வரி, நாளை விசாரணை வந்தால் அவருக்கும் காவல், தாய்க்கும் சாட்சி.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. “டிரிப்பைக் கூட்டுங்க சிஸ்டர், சீக்கிரம் ஆகட்டும்” என்று நச்சரிக்காதீர்கள். மருந்து கொடுத்து வலியை வரவழைப்பதும் கூட்டுவதும் தழும்பு பிரியும் ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்கும். வலியை வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்புள்ள தாய்க்கு ஆகவே ஆகாது.

இத்தனை கண்காணிப்பு வேண்டியிருப்பதால், இந்தப் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இடமல்ல. மயக்க மருத்துவரும் ரத்தமும் தியேட்டரும் இரவு பகலாகத் தயாராக உள்ள, சீமாங் (CEmONC) எனப்படும் தாய்-சேய் அவசர சிகிச்சை மையம் வேண்டும். தழும்பு பிரிந்தால் நிமிடக் கணக்குதான். காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வலி வந்த பிறகு 108-இல் ஓடுவதைவிட, எங்கே பிரசவம் என்பதை எட்டாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியரோடு பேசி முடிவு செய்துவிடலாம். வசதி இல்லாத மருத்துவமனை “எங்களால் முடியாது” என்றால் அது நேர்மை. கோபப்பட வேண்டாம், எங்கே முடியும் என்று கேளுங்கள்.

இரண்டு வழிகளின் நன்மை தீமையையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அந்தப் பெண்ணின் உரிமை. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம், உயிர்காக்கும் அவசரம் தவிர, வேறொன்றுக்குச் செல்லாது. பதினெட்டு நிரம்பிய பெண் நினைவோடு இருக்கையில் கையெழுத்து அவளுடையது. மாமியார் போடுவதும் கணவர் போடுவதும் அதற்கு ஈடாகாது.

கவனக்குறைவு நடந்தது என்று தோன்றினால் அரசு மருத்துவமனை குறித்து 104-இல் புகார் சொல்லலாம். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். கட்டணம் கட்டிய இடமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும்.

எதற்குப் போனாலும் முதலில் கேட்பது காகிதம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டைத் தர வேண்டும். ஆனால் அதை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதி. முதல் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிறதென்றால் இந்த வாரமே போய், கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்று எழுதியிருக்கும் அந்த ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.