அடைக்கோழியின் 21 நாள்

முட்டை இட்டுவிட்டுக் கோழி கொக்கரித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடும்போதே, வைக்கோலில் சூடாகக் கிடக்கும் அந்த முட்டைக்கு ஒரு நாள் வயதாகிவிட்டது. மஞ்சள் கரு கோழியின் வயிற்றுக்குள் கருவுற்று, மேலே வெள்ளைக்கரு சுற்றி, ஓடு படிந்து வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதற்குள் ஒற்றைச் செல் பிரிந்து பிரிந்து பல்லாயிரம் செல்களாகிவிடும். மஞ்சள் கருவின் மேல் நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வட்டமாகத் தெரிவது அதுதான். முட்டை வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுபோகும். கரு சாவதில்லை, தூங்கப் போகிறது.

வீட்டில் குஞ்சு பொரிக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தூக்கத்தைத்தான். கோழி ஒரே நாளில் பத்து முட்டை இடுவதில்லை. நாளுக்கு ஒன்றாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ இட்டுச் சேர்க்கிறது. முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஒரே நாளில் பொரிய வேண்டுமானால், முதலில் வந்தவை காத்திருக்க வேண்டும். சுற்றுச்சூடு 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் கரு நன்றாகத் தூங்கும். 27, 28 டிகிரியைத் தாண்டினால் தூக்கம் கலைந்து அரைகுறையாக வளரத் தொடங்கும். வளர்ச்சியை முழுதாக நடத்த அந்தச் சூடு போதாது, நிறுத்திவைக்க அது அதிகம். அப்படித் தடுமாறிய கரு, கோழி அடைக்கு உட்காரும் முன்பே பலவீனப்பட்டுவிடும்.

திருக்காட்டுப்பள்ளியையே பாருங்கள், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர். பெயருக்கு ஆற்றங்கரைதான். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்பதால், சித்திரை வைகாசியில் இரண்டு ஆறுகளிலும் மணல்தான் கிடக்கும். அந்த மாதங்களில் ஓட்டு வீட்டின் உள்ளறைகூடப் பகலில் 33, 34 டிகிரிக்குப் போய்விடும். பரணில் கூடையில் ஒரு வாரம் சேர்த்துவைத்த முட்டையை அப்போது அடை வைத்தால் பாதிக்குப் பாதி கூமுட்டையாகப் போவதில் வியப்பில்லை.

இந்த இழப்புக்குக் கிராமங்களில் பழியேற்பது இடி. கோடை இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று அடைக்கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போட்டுவைப்பார்கள். என் கணிப்பு வேறு. இடி முழங்கும் மாதங்களும் முட்டை சூடேறிக் கெடும் மாதங்களும் ஒன்றாக இருப்பதால், வெயில் செய்த வேலைக்கு இடி பெயர் வாங்கிக்கொண்டது. இரும்புத் துண்டு போடுவதால் நட்டம் எதுவுமில்லை. ஆனால் அதைவிட உதவுவது ஈர மணல். ஒரு பழைய தொட்டியில் மணலைப் பரப்பி நனைத்து, அதன்மேல் வாயகன்ற மண்சட்டியைப் பாதி புதைத்து, உள்ளே முட்டைகளைக் கூர்முனை கீழாக நிறுத்தி, மெல்லிய பருத்தித் துணியால் மூடி வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். மணலில் ஈரம் காயக் காயச் சட்டி குளிரும். அப்படி வைத்தாலும் கோடையில் நான்கு நாளைத் தாண்டாத முட்டைதான் அடைக்கு நல்லது. மார்கழி தையில் ஒரு வாரம் வரை தாங்கும். அழுக்கு முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளைக் காக்கும் மெல்லிய படலம் கழுவும்போது போய்விடும், கிருமி உள்ளே நுழையும்.

சேவலைப் பற்றி ஒரு சொல். எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். ஒருமுறை சேர்ந்தால் விந்தணுக்களைத் தன் உடலிலேயே சேமித்துவைத்து, பத்து நாளுக்கும் மேலாகக் கருவுள்ள முட்டை இடும் திறன் கோழிக்கு உண்டு. ஆகவே சேவலை விற்ற மறுநாளே முட்டை வீணாகிவிடாது.

இனி அடை. கோழி கூட்டை விட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் ‘கிர்ர்’ என்று உறுமும், கையைக் கொத்தும். மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகரித்து, முட்டை இடுவதை நிறுத்தி, உட்காரச் செய்கிறது. நெஞ்சின் அடிப்புறத்தில் இறகு உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் முட்டையில் நேராகப் படும். கோழியின் உடற்சூடு 41 டிகிரி. முட்டைக்குள் கிடைப்பது 37, 38 டிகிரி. நாளுக்கு ஒருமுறை எழுந்து, அவசர அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, பெரிதாக எச்சமிட்டுவிட்டுக் கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அந்த இடைவெளியில் முட்டை சற்று ஆறினால் கேடில்லை. அதைப் பிடித்துத் திரும்ப உட்காரவைக்கப் பதற வேண்டாம்.

பகலும் இரவும் அலகால் முட்டையைத் தன் பக்கம் இழுத்து உருட்டிக்கொண்டே இருக்கும். உருட்டாத முட்டையில் கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். இரத்தக் குழாய்களும் ஓட்டின் உட்புறமெங்கும் பரவாது. ஓரத்து முட்டை நடுவுக்கும் நடுமுட்டை ஓரத்துக்கும் போவதால் சூடும் சமமாகிறது. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இருக்கும் சிறுவிடைக் கோழியின் இறகுக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அடங்கும். ஒற்றைப்படையில் 9, 11 என்று வைப்பது நம் வழக்கம். ஆசைப்பட்டு 18 வைத்தால் எந்த நேரமும் சில முட்டை குளிரில் கிடக்கும், அவையும் இடம் மாறி மாறி எல்லாம் கெடும்.

ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பாருங்கள். கைபேசி டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்து, விரல்களால் சுற்றிலும் இருட்டாக்கினால் உள்ளே சிவந்து ஒளிரும். நடுவில் கருமையாக ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாத் திசையிலும் கிளைத்து ஓடும் செந்நிற நரம்புகள்; கூர்ந்து பார்த்தால் புள்ளி அசைவதும் தெரியும். இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிய இதயம் அதற்குள் இருக்கிறது. முட்டை முழுதும் தெளிவாக ஒளிர்ந்தால் அது கருவில்லாதது. நரம்புகள் கலைந்து ஒற்றைச் சிவப்பு வளையமாக நின்றால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். இவ்வளவு எளிதான சோதனையை நம் வீடுகளில் பலர் செய்வதில்லை. 22-ஆம் நாள் எண்ணிப் பார்த்து வருந்துகிறார்கள்.

முட்டை ஒவ்வொரு நாளும் எடை குறைந்துகொண்டே வரும். நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. 40 கிராம் முட்டை பொரியும் முன் 5 கிராம் அளவு இழக்க வேண்டும், அந்த இடத்தில் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது. 20-ஆம் நாள் குஞ்சு அந்தக் காற்றறைக்குள் அலகை நுழைத்து, வாழ்வின் முதல் மூச்சை இழுக்கும். அப்போதிருந்தே உள்ளேயிருந்து கீச்சுக் குரல் கேட்கும், தாயும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பை ஓட்டிலிருந்தே எடுத்துக்கொண்டதால் ஓடும் சற்று மெலிந்திருக்கும். அலகு நுனியிலுள்ள சிறு கடினப் புடைப்பால் ஓட்டைக் குத்தி, ஓய்ந்து, மறுபடி குத்தி, பாதி நாள் முதல் ஒரு நாள் வரை எடுத்துக்கொண்டு வெளியே வரும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்வின் இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. முன்னதாக உரித்தால் இரத்தம் கசியும். உள்ளே போன அந்த மஞ்சள் கருதான் குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் சோறு.

பொரிப்பான் இதே வேலையை மின்சாரத்தில் செய்கிறது. தெர்மாகோல் பெட்டி, பல்பு, சூடு கட்டுப்படுத்தும் கருவி, சிறு விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி, முதல் 18 நாளைக்கு ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். தினம் மூன்று நான்கு முறையாவது திருப்ப வேண்டும், 18-ஆம் நாளுக்குப் பின் தொடக் கூடாது. காவிரி டெல்டாவில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பருவம் பார்த்து வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றே நனைந்திருக்கும்போது கிண்ணமும் இருந்தால் முட்டை எடை குறையாது, காற்றறை சிறுத்துக் குஞ்சு உள்ளேயே மூச்சுமுட்டிப்போகும். சித்திரையில் கிண்ணம் இரண்டாகலாம். மின்வெட்டில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கம்பளி போர்த்தினாலே சில மணி நேரம் தாங்கும்.

எகிப்தியர்கள் செயற்கைப் பொரிப்பை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். மண்ணடுப்பு அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கி, வெப்பமானி இல்லாமல், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். ஆக, பெட்டி புதுமையல்ல. ஆனால் பெட்டிக்கு முட்டையோடு வேலை முடிந்துவிடும். தாய்க்கோழி அதன்பிறகும் ஒன்றரை, இரண்டு மாதம் உழைக்கிறது. இறகுக்குள் சூடு தருகிறது. எது இரை என்று கொத்திக் காட்டுகிறது. பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல், இரை கிடைத்தால் வேறு குரல். பொரிப்பானில் பொரிந்த குஞ்சுக்கு இந்த வேலையெல்லாம் நம்மீதுதான் விழும். முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பின் வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்பின்கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

உண்மையான இழப்பு இந்த வாரங்களில்தான் நடக்கிறது. 11 முட்டையில் 9 பொரிவது அரிதல்ல. அவற்றில் இரண்டு மாதம் கழித்து மூன்றே மிஞ்சுவதும் அரிதல்ல. கீரி, காகம், பூனை, பருந்து எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, இரவில் பலகைக் கூட்டில் அடைத்தால் பாதி பிழைக்கும். தரையில் உமி பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள் விரித்தால் குஞ்சு உமியைத் தின்னாது. தண்ணீர்க் கொட்டாங்கச்சியில் கூழாங்கற்கள் போட்டால் விழுந்து நனையாது. நொய்யும் தவிடும் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. புரதத்துக்கு நல்ல வழி கரையான்: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் வெண்மையாக நெளியும் தீனி தயார். பானையைத் தட்டியதும் குஞ்சுகள் ஓடிவருவதைப் பார்க்கத்தான் வேண்டும்.

நோயில் பெரியது வெள்ளைக்கழிச்சல். குமாவோன் மலையூர் ராணிகேத்தின் பெயரில் இந்திய மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். வந்துவிட்டால் மருந்தில்லை, ஒரு தெருவையே காலி செய்யும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது, காசு கிடையாது. ஊசி போட்ட கோழி சோர்ந்துபோகும் என்று ஒளித்துவைப்பவர்கள், அடுத்த கோடையில் சாக்கு நிறையக் கோழிகளைப் புதைக்கிறார்கள். சோர்வு இரண்டு நாள்தான்.

இந்தப் பறவை நம்மோடு வந்து சேர்ந்த கதையிலும் நெல் இருக்கிறது. செங்காட்டுக்கோழிதான் முதல் மூதாதை. தாய்லாந்தின் பான் நோன் வாட் அகழாய்வில் கிடைத்த, கி.மு. 1650 முதல் 1250 வரையான எலும்புகளை வீட்டுக்கோழியின் மிகப் பழைய சான்றாக 2022-இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். மானாவாரி நெல்லும் தினையும் விளைந்த இடங்களுக்கு, சிந்திய மணியைத் தேடிக் காட்டுக்கோழி இறங்கி வந்ததில் பழக்கம் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு. மஞ்சள் காலுக்கும் தோலுக்கும் காரணமான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-இல் தெரியவந்தது.

அதனால் டெல்டாவில் அடைக்கு நாள் குறிப்பதென்றால் சம்பா அறுவடையைத்தான் பார்ப்பேன். தை பிறந்ததும் அடை வைத்தால், மாசிக்குள் குஞ்சு இறங்கும். வெயில் மிதம், தரை காய்ந்திருக்கும், ஈரத்தில் பெருகும் இரத்தக்கழிச்சல் குறைவு. களத்திலும் வரப்பிலும் சிந்திய நெல்லும் கருக்காயும் பூச்சியும் தாயும் குஞ்சும் பொறுக்கித் தீராத அளவு கிடக்கும். சித்திரை வெயில் வருவதற்குள் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும். குறுவை நாற்று விடும் நாளில் நாற்றங்காலை அவற்றிடமிருந்து காக்க வேண்டியிருக்கும், அது வேறு வேலை.

நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழிக்கு அடை மறந்துபோயிற்று. உட்காரும் கோழி வாரக்கணக்கில் முட்டை இடாது என்பதால், உட்காராதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தார்கள். வீட்டில் நாம் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டியதில்லை. அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்குவதையும் மூக்கில் இறகு செருகுவதையும் விட்டுவிடலாம். கலைத்தே ஆக வேண்டுமென்றால், அடியில் காற்றோடும் கம்பிக்கூட்டில் மூன்று நான்கு நாள் விட்டால் வயிறு குளிர்ந்து தானே எழுந்துவிடும். பொறுமையாக உட்கார்ந்து, குஞ்சை மிதிக்காமல், பருந்தை எதிர்த்துப் பாயும் கோழி ஒன்று கொல்லையில் இருந்தால், அதன் முட்டையில் பொரிந்த வெடைகளில் இரண்டை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு விருந்தாளி வந்தால் சேவலை அடியுங்கள்.