எண்ணெய் அமுக்கமானியும் பழைய தோட்ட உழவு இயந்திரமும்

அமெரிக்க நாட்டிலே வீட்டைச் சுற்றி இரண்டொரு ஏக்கர் நிலம் உடையோர், புல் வெட்டவும் காய்கறிப் பாத்தியை உழவும் மாரியில் வழியை மூடும் பனியைத் தள்ளவும் சிறிய உழவு இயந்திரம் ஒன்றை வைத்திருப்பது வழக்கம். தோட்ட உழவு இயந்திரம் என்பது அதன் பெயர். முப்பது நாற்பது ஆண்டு உழைத்த பின்னரும் அதனைக் கைவிடாது பேணுவோர் அங்கே பலர். ஆயினும், எஞ்சினுக்குள் எண்ணெய் செவ்வனே ஓடுகின்றதா என்பதை ஓட்டுபவருக்கு அறிவிப்பது, அத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மட்டுமே. சிலவற்றில் அதுவும் இல்லை.

அவ்விளக்கை இயக்கும் ஆளி, எண்ணெயின் அமுக்கம் மிகத் தாழ்ந்த பின்னரே, பெரும்பாலும் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தலுக்கும் கீழே வந்த பின்னரே, விளக்கை ஏற்றும். நாற்பதிலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து இருபதுக்கும் அமுக்கம் மாதக்கணக்காகக் குறைந்து வந்தாலும் விளக்கு வாய் திறப்பதில்லை. பட்டப்பகல் வெயிலில் அது எரிந்தாற்கூடக் கண்ணிற் படுவது அரிது. அமுக்கமானியோ ஒவ்வோர் இறக்கத்தையும் முள்ளினாற் காட்டும். அதனுள்ளே இருப்பது தட்டையான குறுக்குவெட்டுடைய, வில்லாக வளைத்த ஓர் உலோகக் குழாய். எண்ணெய் உள்ளே அமுக்க, வளைவு சிறிது நிமிரும்; அந்நிமிர்வே முள்ளைத் திருப்புகிறது. பூர்தோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1849இல் பாரிசில் உரிமை பெற்ற அமைப்பு இது.

ஆயினும், மானியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எஞ்சினில் எண்ணெய்ப் பம்பி இருக்கின்றதா? 1960களில் தோட்ட உழவு இயந்திரங்கள் பலவற்றைச் சுமந்த கோலர் 'கே' வகை ஒற்றை உருளை எஞ்சின்களிற் பம்பி கிடையாது. இணைப்புக் கோலின் அடியிலுள்ள சிறு நாக்கு ஒன்று எண்ணெயிலே தோய்ந்து, சுழலுந்தோறும் அதனை எங்கும் தெறிக்கச் செய்கிறது. அமுக்கமே இல்லாத இடத்தில் மானி எதனை அளக்கும்? அங்கே காவல், நாள்தோறும் அளவுகோலை உருவிப் பார்ப்பதேயாகும். அவ்வெஞ்சினின் அலுமினிய இணைப்புக் கோல் தனித் தாங்கி ஓடு எதுவுமின்றி நேரே தண்டின்மேல் ஓடுவதால், எண்ணெய் வற்றினாற் சில நிமிடங்களிலேயே இறுகி முறிந்துவிடும். மாறாக, 1983 முதல் 1992 வரை வெளிவந்த ஜோன் டியர் 318இன் இரட்டை உருளை ஓனன் எஞ்சினிற் பம்பி உண்டு. மானி பொருத்தத் தக்கது இத்தகைய வண்டியே.

பொருத்தும் வேலை சிறிது. தவறினால் வரும் கேடு பெரிது. விளக்கின் ஆளியைக் கழற்றி, அத்துளையில் மூன்று வாயுள்ள மூட்டு ஒன்றைத் திருகி, ஒரு வாயில் ஆளியையும் மற்றதில் மானியையும் இணைத்தல் என்பதே பலரும் செய்யும் முறை. ஆனால், இவ்வளவு பாரத்தையும் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய்த்துண்டின்மேல் தொங்கவிட்டால், எஞ்சினின் அதிர்வு அதனை வேரோடு முறித்துவிடும். முறிந்த துளையினூடாகப் பம்பி தன் எண்ணெய் முழுவதையும் வெளியே கொட்டிவிடும். காவலுக்கு வைத்த கருவியே கொலைக் கருவியாகும் இடம் இது. ஆகவே, எஞ்சினிலிருந்து வளையத்தக்க வலுவான றப்பர்க் குழாயை எடுத்து, மூட்டை வண்டிச் சட்டத்தில் இறுகப் பூட்டுவதே மேல். மெல்லிய செப்புக்குழாய் அதிர்வினால் இறுகி வெடிக்கும். நைலோன் குழாய் புகைபோக்கியின் அருகே உருகும்.

திருகுபுரியிலும் கவனம் வேண்டும். அமெரிக்க எஞ்சின்களிற் பெரும்பாலும் காணப்படும் எட்டிலொரு அங்குலக் குழாய்ப்புரிக்கு அங்குலத்துக்கு 27 சுற்று. பிரித்தானியப் புரிக்கு 28. கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டொரு சுற்று ஏறவுஞ் செய்யும். வலிந்து திருகினால் எஞ்சினின் வார்ப்பே கெடும். புரியிற் சுற்றும் நாடாவை முதற் சுற்றுக்கு அப்பாலிருந்து சுற்றினால், அதன் துணுக்கு எண்ணெய் வழியில் அகப்படாது. பழைய விளக்கை மட்டும் அகற்றிவிடலாகாது. முள்ளை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார் எவருமில்லை.

இனி, முள் சொல்வதைப் படித்தல். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருப்பதால் முள் உயர நிற்கும், சூடேறியபின் தாழும். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே சூட்டில், ஒரே வேகத்தில், சென்ற மாதத்தைவிடத் தாழ்ந்து நின்றால் தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். அல்லது எண்ணெயிற் பெற்றோல் கலந்திருக்கலாம். அளவுகோலை முகர்ந்தாற் பின்னது தெரிந்துவிடும். சரிவிலே புல் வெட்டுகையில் முள் துள்ளி வீழ்ந்தால், எண்ணெய் குறைந்து பம்பி காற்றை உறிஞ்சுகிறது என்பது பொருள். எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். எவ்வளவு அமுக்கம் தகும் என்பதை அவ்வவ் எஞ்சினின் கைந்நூலே கூறும்.

பொருத்திய அன்று சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, மூட்டு ஒவ்வொன்றையும் வெண்துணியால் ஒற்றிப் பார்ப்பது நன்று. ஒரு மணி நேர வேலைக்குப் பின்னர் மறுபடியும் அவ்வாறே பார்த்து, அளவுகோலையும் உருவிப் பார்த்த பின்னரே மூடியைச் சாத்த வேண்டும்.